பின்கட்டில் புல், அடுப்படியில் மாவு: இரண்டுக்கும் ஒரே வெப்பமானி

மார்க்கம்_மாவு:

செப்டம்பர் பிறந்துவிட்டது. கனடாவில், இந்த ஒன்டாரியோவில் வீடு வைத்திருக்கும் பாதிப் பேருக்கு இந்த மாதம் ஒரே கவலைதான், பின்கட்டுப் புல். எங்கள் வீட்டில் ஜூலை வெயிலில் காய்ந்தது கொஞ்சம், வேர்ப்புழு தின்றது மீதி. ராத்திரியோடு ராத்திரியாக ஸ்கங்க் (நாற்றம் பீய்ச்சுகிற அந்தக் கறுப்பு வெள்ளை விலங்கு) வந்து புழுவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறது, காலையில் போய்ப் பிடித்து இழுத்தால் புல் பாய் மாதிரி சுருண்டு கையோடு வருகிறது. அடியில் வேரே இல்லை. இதே சமயம் பார்த்து இட்லி மாவும் பொங்குவதை நிறுத்திவிட்டது. ஜூலையில் ஒரே ராத்திரியில் பாத்திரத்தைத் தாண்டி வழிந்த அதே மாவு, இப்போது காலையில் மூடியைத் திறந்தால் வைத்த இடத்திலேயே கிடக்கிறது.

என் கட்சி இதுதான், ஒத்துக்கொள்ளாதவர்கள் சண்டைக்கு வரலாம். விதை முளைப்பதும் மாவு பொங்குவதும் முதலில் சூட்டைப் பொறுத்தவை. நாம் என்ன செய்கிறோம்? புல் வரவில்லையா, இன்னொரு மூட்டை உரம். மாவு பொங்கவில்லையா, ஒரு சிட்டிகை ஈஸ்ட், இல்லையென்றால் சோடா. அதற்கு முன்னால் இறைச்சிக்குக் குத்திப் பார்க்கிற டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். மண்ணில் இரண்டு அங்குலம் இறக்கிப் பாருங்கள், 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இங்கே குளிர்ச்சியில் வளரும் புல் விதைகளுக்கு நல்ல சூடு, இருபதை ஒட்டி இருந்தாலும் தண்ணீர் காட்டினால் சமாளித்துவிடும். மாவில் விட்டுப் பாருங்கள், 27க்கும் 32க்கும் நடுவில் இருந்தால் ராத்திரிக்குள் பொங்கும். வீட்டுச் சூட்டை 20இல் வைத்துவிட்டு எட்டு மணி நேரத்தில் பொங்கவில்லை என்று உளுந்தைத் திட்டிப் பயனில்லை, அதே மாவு மறுநாள் மதியம் வரை விட்டால் தானாக எழும்பும்.

இப்போது கேள்விகள். ஒன்று, புல் விதையில் கென்டக்கி புளூகிராஸ் வகை போடுவதா, டால் ஃபெஸ்க்யூ வகை போடுவதா? பாதி இடம் மேப்பிள் மரத்தடி. இரண்டு, எங்கள் புது அவனில் (ஓவன்) எல்இடி விளக்கு, விளக்கைப் போட்டு மாவை உள்ளே வைத்தும் சூடு ஏறவில்லை. பழைய வீட்டில் இதே வித்தை அருமையாக வேலை செய்தது.

டாலஸ்_வெயில்:

உங்களுக்குக் குளிர் பிரச்சினை, எங்களுக்கு நேர் எதிர். இங்கே முன்பக்கம் முழுக்க பெர்முடா. ஊரில் பிள்ளையாருக்கு வைக்கிற அருகம்புல்தான், அதே செடி. அங்கே வயலில் முளைத்தால் விவசாயி அழுவார், இங்கே காசு கொடுத்து விதைத்து எச்ஓஏவிடம் (குடியிருப்புச் சங்கம்) நல்ல பேர் வாங்குகிறோம். உங்கள் செப்டம்பர் கணக்கு இதற்குச் செல்லாது. பெர்முடாவுக்கு மண் 18 டிகிரியைத் தாண்ட வேண்டும், அதனால் மே, ஜூன்தான் விதைக்கிற காலம். நவம்பர் குளிர் வந்ததும் வைக்கோல் நிறத்துக்குப் போய்த் தூங்கிவிடும். புதிதாக வந்தவர்கள் செத்துவிட்டது என்று நினைத்துத் தோண்டி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், பாவம்.

மாவுக்கும் அதே கதை. ஆகஸ்டில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிப் புளித்துவிடும். ராத்திரி வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் மோர்க்குழம்பு வாசனை. நான் சாயங்காலம் அரைத்து, தூங்கப் போகும்போது குளிர்பெட்டிக்குள் தள்ளிவிடுகிறேன்.

குசினி_ராணி:

தம்பி, முதலில் ஒன்று சொல்லு. மண்ணுக்குள் குத்தின ஊசியை மாவுக்குள்ளும் விடுகிறாயோ? உன் வீட்டில் சாப்பிட வருகிறவர்களுக்கு இது தெரியுமோ?

சரி, விசயத்துக்கு வருகிறேன். ஸ்கார்பரோவில் இத்தனை பனிக்காலம் பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், சூடு முக்கியம்தான், ஆனால் முதல் இடம் உழுந்துக்கு. மாவைப் பொங்க வைக்கிற கிருமி உழுந்தோடேயே வருகிறது. கடைத் தட்டில் எத்தனை காலம் கிடந்தது என்று தெரியாத உழுந்தை வாங்கி வந்து, எந்தச் சூட்டில் வைத்தாலும் அது அசையாது. உடைத்த உழுந்தை விட முழு உழுந்து, தோல் நீக்கினது, நல்லது. அரைத்ததும் ஒரு துளியைத் தண்ணீரில் போட்டுப் பார், மிதக்க வேணும். மிதக்காவிட்டால் இன்னும் காற்று ஏறவில்லை, திரும்ப அரை. மிக்ஸியில் அரைக்கிறாய் என்றால் ஐஸ் தண்ணீர் விடு, இல்லாவிட்டால் மா அரைபடும்போதே கொதித்துவிடும். ஒரு கரண்டி வெந்தயம் சேர்த்து ஊற வை, அதன் பிசுபிசுப்புத்தான் காற்றைப் பிடித்து வைக்கிறது.

அவனில் எல்இடி என்றால் அது வெளிச்சத்துக்கு மட்டும்தான். பழைய குண்டு பல்பு எரிந்தால் அதன் சூட்டிலேயே அவன் முப்பதுக்கு வந்துவிடும், எல்இடிக்கு அந்தக் குணம் இல்லை. ஒரு சட்டியில் கொதிதண்ணீர் வைத்து மாவுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவை மூடு, படுக்கப் போக முதல் தண்ணீரை ஒருமுறை மாற்று. அவன் திருகியில் ஒரு கடதாசியை ஒட்டி ‘உள்ளே மா இருக்கு’ என்று எழுதி வை. எழுதாவிட்டால் பிள்ளைகள் பீட்சா சூடாக்க வந்து 400 ஃபாரன்ஹீட்டில் போட்டுவிடுவார்கள், பிளாஸ்டிக் பாத்திரம் உருகின மணம் ஒரு கிழமைக்குப் போகாது.

மார்க்கம்_மாவு:

அக்கா, ஊசி இரண்டு இருக்கிறது! சிவப்புப் பிடி தோட்டத்துக்கு, கறுப்புப் பிடி சமையலுக்கு. தலைப்பில் ‘ஒரே வெப்பமானி’ என்றது ஒரு பேச்சுக்கு.

உளுந்து விஷயம் ஒத்துக்கொள்கிறேன், பாதிதான். அதே பையிலிருந்து எடுத்த உளுந்து ஜூலையில் பொங்கியது, செப்டம்பரில் பொங்கவில்லை. நடுவில் மாறியது ராத்திரிக் குளிர் மட்டும்.

மண்புழு_குவெல்ஃப்:

தோட்ட வேலைதான் எனக்குப் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விதைக்கு முன்னால் புழு. அதைக் கவனிக்காமல் விதை போட்டால் ஸ்கங்குக்கும் ரக்கூனுக்கும் புது மெத்தை போட்டுக் கொடுத்த கதைதான். ஒரு சதுர அடி புல்லை மூன்று பக்கம் வெட்டிப் புரட்டிப் பாருங்கள். ‘சி’ எழுத்து மாதிரி வளைந்து, பழுப்புத் தலையோடு வெள்ளையாகப் படுத்திருக்கும். இந்தப் பக்கம் பெரும்பாலும் ஐரோப்பியச் சேஃபர் என்ற வண்டின் புழு, அல்லது ஜப்பானிய வண்டின் புழு. நல்ல வேர் உள்ள புல் சதுர அடிக்கு ஐந்து முதல் பத்துப் புழு வரை தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் போனால் மருந்து வேண்டும்.

மருந்து என்றதும் பழைய ஞாபகத்தில் கடைக்கு ஓடாதீர்கள். ஒன்டாரியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் அழகுக்காகப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி அடிப்பதற்குத் தடை. (இதை ஆரம்பித்து வைத்தது கியூபெக்கில் ஹட்சன் என்ற சின்ன ஊர், 1991இலேயே சட்டம் போட்டார்கள், தோட்ட மருந்து நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 2001இல் தோற்றன.) நமக்கு மிச்சம் இருப்பவற்றில் பலரும் போடுவது நெமடோட், அதாவது கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. வேர்ப்புழுவுக்குள் புகுந்து அதைக் கொன்றுவிடும். இது உயிருள்ள சரக்கு, கடையிலேயே குளிர்பெட்டியில்தான் வைத்திருப்பார்கள், வீட்டுக்கு வந்தும் அப்படியே. ஆகஸ்ட் நடு முதல் செப்டம்பர் நடு வரை, புழு சின்னதாக, மண்ணின் மேல்பக்கம் இருக்கும்போது விட வேண்டும். வெயில் பட்டால் செத்துவிடும் என்பதால் பொழுது சாய்ந்தபின் ஊற்றுங்கள். முன்னாலும் பின்னாலும் மண் நன்றாக நனைந்திருக்க வேண்டும், தெளிப்பானில் நுண்ணிய வடிகட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள். ஜப்பானிய வண்டின் புழுவை நன்றாகப் பிடிக்கும், சேஃபரிடம் அவ்வளவு வீரம் காட்டாது. அதையும் தெரிந்துகொண்டே காசைப் போடுங்கள்.

நெமடோடுக்கும் ஈரம் வேண்டும், விதைக்கும் ஈரம் வேண்டும், ஆகவே இரண்டையும் அடுத்தடுத்துச் செய்துவிடலாம். செத்த புல்லை இரும்பு வாரியால் வாரி எடுத்து, மண்ணைக் கீறிவிட்டு, கம்போஸ்ட் அரை சென்டிமீட்டர் தூவி, விதையைப் போட்டு மிதித்துவிடுங்கள். சூடு சூடு என்று சொல்கிறீர்களே, நான் பார்த்தவரை விதை வீணாவதற்குப் பெரிய காரணம் விதைக்கும் மண்ணுக்கும் ஒட்டு இல்லாததுதான். காய்ந்த புல்லின் மேல் கோழிக்குப் போடுவது போல் வீசிவிட்டுப் போனால் எந்த டிகிரியிலும் முளைக்காது. உங்கள் மார்க்கம் ஊர்ப் பக்கம் புதுக் குடியிருப்புகளில் வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டுக் களிமண் மேல் இரண்டு மூன்று அங்குலம் மட்டும் திரும்பப் போட்டிருப்பார்கள். அங்கே ஏரேட்டர் வாடகைக்கு எடுத்து மண்ணைக் குச்சி குச்சியாகப் பிடுங்கிவிடுவது நல்லது. பிடுங்கிய குச்சிகளை அப்படியே விடுங்கள், மழையில் கரைந்துவிடும்.

எந்த விதை? வெயில் படுகிற இடத்துக்குப் புளூகிராஸ், அது மண்ணுக்குள்ளேயே தண்டு ஓட்டி ஓட்டையைத் தானே மூடிக்கொள்ளும். ஃபெஸ்க்யூவும் ரைகிராஸும் (சுருக்கமாக ரை) குத்துக் குத்தாக நிற்கும், அதிகம் பரவாது. மேப்பிள் அடியில் மெல்லிலை ஃபெஸ்க்யூ போடுங்கள், அங்கே புளூகிராஸ் போடுவது வீண். கலப்பு விதை வாங்கினால் ஒரு எச்சரிக்கை. ரைகிராஸ் ஐந்து முதல் பத்து நாளில் முளைத்துவிடும், டால் ஃபெஸ்க்யூ ஒன்று இரண்டு வாரம், புளூகிராஸ் இரண்டு முதல் நான்கு வாரம். ரையின் பச்சையைப் பார்த்ததும் ‘ஆச்சு, முளைத்துவிட்டது’ என்று தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அப்போதுதான் புளூகிராஸ் மண்ணுக்குள் முளைவிட ஆரம்பித்திருக்கும். ஊறி முளைவிட்ட விதை ஒருமுறை காய்ந்தால் போச்சு. அடுத்த வருசம் பார்த்தால் ரை மட்டும் திட்டுத் திட்டாக நிற்கும், விதைக் கம்பெனியைத் திட்டுவார்கள்.

எடிசன்_நெல்லை:

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கிற ஆள் நான். புல்லைத் தின்ன முடியுமா? எங்கள் நியூஜெர்சி வீட்டில் புல் செத்த இடத்தில் போன ஜூலையில் தானாக என்ன முளைத்தது தெரியுமா, பருப்புக்கீரை. இங்கத்துக்காரர்கள் பர்ஸ்லேன் என்று களைப் பட்டியலில் வைத்துப் பிடுங்கிப் போடுகிறார்கள். நான் பிடுங்கிச் சட்டியில் போடுகிறேன்.

பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, கீரையைத் தண்டோடு நறுக்கிப் போட்டு, பச்சைமிளகாய், பூண்டு, சீரகம். ஐந்து நிமிஷம் போதும், அதிகம் வெந்தால் வழவழப்பு கூடிவிடும். கீரையிலேயே புளிப்பு இருப்பதால் புளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். காலையில் பறித்தால் புளிப்பு தூக்கலாக இருக்கும், சாயங்காலம் பறித்தால் குறையும். ராத்திரியில் இலைக்குள் சேரும் அமிலம் பகல் வெளிச்சத்தில் செலவாகிவிடுகிறது என்பதுதான் காரணம். கடைசியில் தேங்காயெண்ணெயில் சின்ன வெங்காயம், வடகம் தாளித்துக் கொட்டுங்கள். போன வாரம் இதையே தோசை மாவில் கலந்து அடையாக ஊற்றினேன், சுமார்தான், தண்ணீர் விட்டுக்கொண்டது. வதக்கிச் சேர்த்திருந்தால் சரியாக வந்திருக்கும் போல.

டாலஸ்_வெயில்:

அதென்ன, புல்தரையில் பிடுங்கித் தின்பதா? முந்தின வீட்டுக்காரர் என்ன அடித்தாரோ, பக்கத்து வீட்டு நாய் எங்கே காலைத் தூக்கியதோ. எங்கள் பக்கம் மருந்துக்குத் தடை எதுவும் கிடையாது, மாதாமாதம் லாரிக்காரன் வந்து அடித்துவிட்டு எச்சரிக்கைக் கொடி நட்டுப் போகிறான்.

எடிசன்_நெல்லை:

சரியான கேள்வி. மருந்து அடித்த தரையில் கை வைக்கவே கூடாது, வேலி ஓரமும் வேண்டாம். நான் பறிப்பது பின்கட்டில் நானே மண் போட்ட பாத்தியில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது முக்கியம். பருப்புக்கீரை மாதிரியே தரையோடு படர்ந்து வளரும் ஒன்று உண்டு, ஸ்பர்ஜ். நம்ம அம்மான் பச்சரிசிக்குச் சொந்தம். கிள்ளினால் வெள்ளைப் பால் வரும், தண்டு நூலாட்டம் மெலிசு, மேலே மயிர் இருக்கும். பருப்புக்கீரையின் தண்டு தடித்து வழவழவென்று சிவப்பாக இருக்கும், ஒடித்தால் வெறும் தண்ணீர்தான். பால் வந்தால் தூக்கி எறியுங்கள், அது விஷம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இந்தக் கீரையையே தள்ளி வையுங்கள், ஆக்சலேட் அதிகம்.

மண்புழு_குவெல்ஃப்:

நெல்லை அண்ணாச்சி, சமையல் குறிப்புக்கு நன்றி. ஆனால் பிடுங்கியதைத் தரையில் போட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். வேரோடு பிடுங்கிப் போட்டாலும் அந்தச் சதைத் தண்டில் உள்ள ஈரத்தை வைத்தே விதையை முற்ற வைத்துவிடும், துண்டு விழுந்த இடத்திலும் வேர் பிடிக்கும். விதை மண்ணுக்குள் வருசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சூடான வெறும் மண் கிடைத்தால்தான் அது முளைக்கும், அதனால் செப்டம்பரில் புல் விதைக்கிறவருக்கு இது தொல்லை இல்லை, முதல் உறைபனியில் தானே கருகிவிடும். வசந்த காலத்தில் புல் விதைக்கிறவர்தான் மாட்டிக்கொள்வார். இளம் புல்லோடு கிராப்கிராஸ் என்ற களைப்புல், பருப்புக்கீரை எல்லாம் சேர்ந்து எழும்பும், அப்புறம் ஜூலை வெயில் புல்லை மட்டும் கொன்றுவிட்டுப் போகும்.

கோவை_பச்சை:

இங்கே கோயம்புத்தூரிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் புல்தரை கொரியன் கிராஸ், தொல்லை கோரை. கோரையைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளே நின்று திரும்ப வருகிறது, அது தனிக் கதை. ஒரே ஒரு யோசனை. விதையை மூட நீங்கள் பீட் மாஸ் (சதுப்பு நிலத்துப் பாசி மக்கு) போடுகிறீர்கள்தானே? தென்னைநார்க் கழிவுக் கட்டி, பொள்ளாச்சியிலிருந்து கப்பல் ஏறி அங்கேயும் வருகிறது. தண்ணீர் ஊற்றினால் உப்பிவிடும், மெலிதாகத் தூவினால் ஈரம் நிற்கும். ஒருமுறை காய்ந்தாலும் பீட் மாதிரி தண்ணீரை உதறித் தள்ளாது.

மண்புழு_குவெல்ஃப்:

போடலாம், நானும் போடுகிறேன். வாங்கும்போது கழுவிய சரக்கா என்று பாருங்கள், கழுவாததில் உப்பு இருக்கும், இளம் முளைக்கு ஆகாது. சந்தேகமாக இருந்தால் ஊறவைத்த தண்ணீரை இரண்டு முறை வடித்துவிட்டுப் போடுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம், விதை கொஞ்சம் கண்ணுக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை.

குசினி_ராணி:

புல்லைப் பற்றியே கதைத்து முடித்துவிடாதையுங்கோ, தலைப்பில் அடுப்படியும் இருக்கு. இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சார குக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். தயிர் பொத்தானை அப்படியே அழுத்தினால் சூடு 40ஐ ஒட்டிப் போகும், மா அடியில் வெந்த மாதிரிப் பிடித்துச் சீக்கிரம் புளிக்கும், எழும்பாது. அதில் குறைந்த சூடு இருந்தால் அதைப் போடுங்கோ. இல்லாவிட்டால் மாவை வேறு பாத்திரத்தில் வைத்து, அடியில் தண்ணீர் விட்டு, அரை மணித்தியாலம் ஓட விட்டு நிறுத்திவிட்டு மூடி வையுங்கோ. பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது.

இந்தக் கிழமை என்னுடைய சோதனை அப்பம். ஊரில் கள்ளு விட்டுப் புளிக்க வைப்போம், இங்கே கள்ளுக்கு எங்கே போக? இளநீரில் கொஞ்சம் சீனியும் ஈஸ்டும் போட்டு நுரைக்க விட்டு மாவில் ஊற்றினேன். விளிம்பு மொறுமொறு என்று வந்தது, நடு மெத்தென்று வந்தது, கள்ளின் மணம்தான் இல்லை. பச்சை அரிசி மாவில் கொஞ்சத்தைக் கூழாகக் காய்ச்சி ஆறவிட்டுச் சேர்த்தபடியால்தான் அந்த மெது என்று நினைக்கிறேன். கறித்தூள் வறுக்கிறது மட்டும் இப்பவும் வெளியிலேதான். கேஸ் அடுப்பைக் கராஜுக்குள் வைத்துக் கதவை மூடிக்கொண்டு வறுக்கிற ஆட்களுக்குச் சொல்கிறேன், மிளகாய் நெடி போகட்டும், கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. அடுப்பைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் போங்கோ.

மார்க்கம்_மாவு:

அப்படியே வளவில் புல்லின் மேல் அடுப்பை வைத்துவிடாதீர்கள் அக்கா, வட்டமாகக் கருகிவிடும்!

நிலவரம் சொல்கிறேன். கொதிதண்ணீர் வைத்ததும் அவன் 31க்கு ஏறியது, தூங்கும் முன் தண்ணீரை மாற்றினேன், காலையில் மாவு இரட்டித்திருந்தது. உளுந்தையும் புதிதாக வாங்கியிருந்தேன், அதனால் அக்காவும் நானும் ஆளுக்குப் பாதி ஜெயித்ததாக வைத்துக்கொள்வோம். புல் பக்கம், நெமடோட் ஊற்றிவிட்டு மறுநாள் கலப்பு விதையை விதைத்தேன், மண் 19 டிகிரி. இப்போது ரை பச்சைப் பசேலென்று வந்துவிட்டது. மண்புழு சொன்னதால் தண்ணீரை நிறுத்தவில்லை, இல்லையென்றால் நிறுத்தியிருப்பேன். சந்தேகம் இரண்டு. ரை மூன்று அங்குலத்தைத் தாண்டி ஒருபக்கம் சாய்கிறது, வெட்டலாமா, புளூகிராஸ் மிதிபடுமா? மேப்பிள் அடியில் இலை விழ ஆரம்பித்துவிட்டது, வாரினால் விதையும் சேர்ந்து வருகிறதே?

மண்புழு_குவெல்ஃப்:

வெட்டுங்கள். மூன்றரை அங்குலம் வந்ததும் மேலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், கத்தியைத் தீட்டிவிட்டு, காய்ந்த நாளில். மழுங்கிய கத்தி இளம்புல்லை வெட்டாது, வேரோடு பிடுங்கும். ரை நிழல் போட்டு மூடினால்தான் புளூகிராஸுக்குக் கேடு, ஒருமுறை மெஷின் ஏறுவதால் ஒன்றும் ஆகாது. வெட்டும் அன்று காலைத் தண்ணீரை மட்டும் தள்ளிப்போடுங்கள்.

இலையை வாராதீர்கள், ஊதுகுழலைக் குறைந்த வேகத்தில் வைத்து ஓரமாகத் தள்ளுங்கள். அங்கே முளைப்பு சரியில்லை என்றால் இப்போது திரும்பப் போடாமல் நவம்பர் கடைசி வரை பொறுங்கள், உங்கள் சிவப்புப் பிடி ஊசி 5 டிகிரிக்குக் கீழே காட்டியதும் ஃபெஸ்க்யூ விதையைத் தூவிவிடுங்கள். அந்தக் குளிரில் முளைக்காது, பனிக்கு அடியில் கிடந்து ஏப்ரலில் எழும்பும்.

குசினி_ராணி:

புது உழுந்து எந்தக் கடையில் வாங்கினாய் என்று சொல்லவில்லையே தம்பி?